தக்சங்கா, லேயா, தவாங்கா, பக்கத்து பைலகுப்பேயா? கிருஷ்ணகிரியிலிருந்து மலை மடாலயம் போகிறவர்களுக்கு

போன வாரம்கூட ஒருவர் போனை நீட்டினார். அதே படம்தான். செங்குத்துப் பாறையில் ஒட்டவைத்தது மாதிரி வெள்ளைச் சுவர், பொன்னிறக் கூரை, கீழே மேகம். "இங்கதாங்க போகணும், எவ்ளோ ஆகும்?"

பூட்டானுக்கும் லேவுக்கும் ஒவ்வொரு முறை போய்வந்தவன் என்று தெரு முழுக்கத் தெரிந்துவிட்டதால், மாதத்துக்கு ஒருவராவது இப்படிக் கேட்கிறார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர், மாங்கூழ் ஆலையில் வேலை பார்க்கும் தம்பி, ஓசூர் கம்பெனியில் ஷிப்ட் பார்க்கிறவர் என்று எல்லோரும் காட்டுவது ஒரே படம். ஐந்து நிமிடம் பேசினால் ஒவ்வொருவருக்கும் வேண்டியது வேறு என்று புரியும். ஒருவருக்கு லாமாக்கள் (திபெத்திய பௌத்தத் துறவிகள்) ஓதுவதைக் கேட்டு உட்கார்ந்திருக்க வேண்டும். இன்னொருவருக்கு மலை ஏற வேண்டும், மடாலயம் ஒரு சாக்கு. மூன்றாமவருக்கு அம்மாவையும் கூட்டிப் போக வேண்டும், ஆனால் அம்மாவுக்கு முழங்கால் வலி. இவர்கள் மூவரும் ஒரே இடத்துக்குப் போனால் இரண்டு பேராவது குறையோடு திரும்புவார்கள்.

## எதை வைத்து முடிவு செய்வது

விடுமுறை. எத்தனை நாள் லீவு என்பதைவிட, அதில் எத்தனை நாள் வண்டியில் கழியும் என்று பாருங்கள். கிருஷ்ணகிரியில் ரயிலும் கிடையாது, விமானமும் கிடையாது. பெங்களூர் விமான நிலையம் ஊருக்கு வடக்கே இருக்கிறது, நாம் நுழைவதோ தெற்கே அத்திப்பள்ளி வழியாக. காலை விமானம் என்றால் முந்தின நாள் நள்ளிரவே கிளம்ப வேண்டும்.

உயரம். தமிழ்நாட்டின் மிக உயர்ந்த சாலைகளில் ஒன்றான தொட்டபெட்டா 2,637 மீட்டர். பூட்டானில் இருக்கும் தக்சங் மடாலயம் 3,120 மீட்டர். லடாக்கின் லே நகரமே சுமார் 3,500 மீட்டர். நாம் எல்லோரும் இந்த உயரத்துக்குப் புதியவர்கள்தான், உடற்பயிற்சிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. குழுவில் யாருடைய உடம்பு மிகவும் பலவீனமோ, அவரை வைத்துத்தான் இடத்தை முடிவு செய்ய வேண்டும்.

முழங்கால். உயரமும் ஏற்றமும் ஒன்றில்லை. லேயில் வாசல் வரை கார் போகும், மூச்சுதான் வாங்கும். தக்சங்கில் மூச்சும் வாங்கும், காலும் கெஞ்சும். நான் சொல்லும் சோதனை சுலபமானது. அரூர் பக்கம் தீர்த்தமலைக்குப் போய் மேலே ஏறி இறங்கிப் பாருங்கள். மறுநாள் காலை எழுந்து நடமாட முடிந்தால் தக்சங் பற்றி யோசிக்கலாம்.

தாள்கள். ஓரிடத்தில் ஆதார் போதும், ஓரிடத்தில் ஆதார் செல்லாது, ஓரிடத்தில் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும்.

கண்ணில் படாத செலவு. டிக்கெட் விலையை எல்லோரும் பார்க்கிறோம். தலைக்கு இத்தனை, ராத்திரிக்கு இத்தனை என்று வசூலாகும் கட்டணமும், வானிலை கெட்டு ஒரு நாள் கூடுதலாகத் தங்கும் செலவும் பிறகுதான் தெரியவரும்.

கடைசியாக, எதற்குப் போகிறோம் என்பது. மற்ற ஐந்துக்கும் மேலானது இதுதான், ஆனால் யாரும் இதை முதலில் கேட்டுக்கொள்வதில்லை.

| இடம் | போய்வர நாள் | உயரம் | தாள் | நல்ல மாதங்கள் | உடம்புக்கு |
|---|---|---|---|---|---|
| ஒடெயர்பாளையா, பைலகுப்பே | 1 முதல் 3 | நம் ஊர் மலை உயரம்தான் | சாதாரண அடையாள அட்டை | செப்டம்பர் முதல் மார்ச் | எளிது |
| ரும்டெக், சிக்கிம் | 6 முதல் 7 (விமானம்) | சுமார் 1,500 மீ | அடையாள அட்டை கட்டாயம் | அக்டோபர், நவம்பர், மார்ச் முதல் மே | பரவாயில்லை |
| தக்சங், பூட்டான் | 7 (விமானம்), 11 (ரயில்) | 3,120 மீ | பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை | மார்ச் முதல் மே, அக்டோபர், நவம்பர் | ஏற்றம் கடினம் |
| திக்சே, ஹெமிஸ் (லே) | 7 முதல் 8 | சுமார் 3,600 மீ | அடையாள அட்டை | ஜூன் முதல் செப்டம்பர் | மூச்சு கடினம் |
| தவாங், அருணாசலம் | 9 முதல் 10 | சுமார் 3,000 மீ | உள்நுழைவு அனுமதி | மார்ச், ஏப்ரல், அக்டோபர், நவம்பர் | சாலைப் பயணம் கடினம் |

## பக்கத்தில் இருப்பவை: ஒடெயர்பாளையாவும் பைலகுப்பேயும்

தர்மபுரிக்காரர்கள் மாதேஸ்வரன் மலைக்கு எத்தனை முறை போயிருப்பார்கள்! அந்த மலையைத் தாண்டி ஹனூர் போய், அங்கிருந்து காட்டுப் பக்கம் திரும்பினால் ஒடெயர்பாளையாவில் ஒரு திபெத்தியக் குடியிருப்பு இருக்கிறது என்று சொன்னால் பாதிப் பேர் நம்புவதில்லை. தொண்டென்லிங் என்று பெயர். எழுபதுகளில் திபெத்திய அகதிகளுக்கு இங்கே நிலம் கொடுத்துக் குடியேற்றினார்கள். மேட்டுக்காட்டில் மக்காச்சோளம், நடுவே கொடி பறக்கும் மடாலயம். பெயர் ஜோக்சென் மடாலயம். கிழக்குத் திபெத்தில் 17ஆம் நூற்றாண்டில் தொடங்கிய ஒரு பெரிய மடாலயத்தின் பெயரையும் மரபையும் இங்கே மறுபடி நட்டு வளர்த்திருக்கிறார்கள். கூட்டம் இல்லை, டிக்கெட் இல்லை, பலூன் விற்பவர் இல்லை.

மேட்டூர், பாலாறு வழியாகப் போகும் பாதை இது. ஒரு காலத்தில் வீரப்பன் பெயரைச் சொல்லியே இந்தப் பக்கம் யாரும் வரமாட்டார்கள். 2004இல் நம் பாப்பாரப்பட்டி அருகே அந்தக் கதை முடிந்தது. இப்போது பயப்பட வேண்டியது யானைக்கு மட்டும்தான். பகலிலேயே காட்டைத் தாண்டிவிடுங்கள். சொந்த வண்டி இல்லாவிட்டால் ஹனூருக்குப் பிறகு பஸ்ஸுக்கு நேரம் பார்த்துக் காத்திருக்க வேண்டும்.

பைலகுப்பே இதற்கு நேர் எதிர். கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூர், மைசூர் வழியாக 320 கிலோமீட்டர் வரும். பஸ் என்றால் பெங்களூரில் சாட்டிலைட் பஸ் நிலையத்துக்கு மாறி மடிகேரி வண்டி ஏற வேண்டும். 1961இல் தொடங்கிய குடியிருப்பு. திபெத்திய குரு பெனோர் ரின்போச்சே 1963இல் நிறுவிய நம்ட்ரோலிங் மடாலயம் இங்கேதான் இருக்கிறது. 1999இல் திறந்த பொற்கோயிலுக்குள் மூன்று பிரம்மாண்டமான சிலைகள் உண்டு. நடுவில் சாக்கியமுனி புத்தர், ஒரு பக்கம் திபெத்துக்குப் பௌத்தத்தைக் கொண்டுபோன குரு பத்மசம்பவர், மறுபக்கம் நீண்ட ஆயுளுக்கான புத்தர் அமிதாயுஸ். அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும்.

குறையைச் சொல்லிவிடுகிறேன். பைலகுப்பே மலை இல்லை. குடகு பக்கத்தில் இருக்கிறது, அவ்வளவுதான். ஓசூர் மாதிரி உயரம், வயல்வெளி. சனி, ஞாயிறுகளில் சுற்றுலா வேன்கள் வரிசை கட்டி நிற்கும், கோயிலுக்குள் செல்ஃபி எடுப்பவர்களைத் தாண்டித்தான் புத்தரைப் பார்க்க வேண்டும். அதனால் வார நாளில் போங்கள், குஷால்நகரில் இரவு தங்குங்கள், காலை ஓதுதலுக்கு முதல் ஆளாக நில்லுங்கள். நீளக் கொம்பும் பெரிய முரசும் சேர்ந்து முழங்கும்போது, மார்கழி பஜனை கேட்டு வளர்ந்த நமக்கு அது அந்நியமாகவே இருக்காது. பக்கத்திலேயே சேரா மடாலயம் இருக்கிறது. துறவிகள் கையைத் தட்டித் தட்டித் தர்க்கம் செய்வதைப் பார்க்கக் கிடைத்தால் விடாதீர்கள்.

செலவு பெட்ரோலும் சாப்பாடும் ஓர் அறையும்தான். இந்தியர்கள் தங்கத் தனி அனுமதி தேவையில்லை. வெளிநாட்டிலிருந்து வந்த உறவினர் கூட இருந்தால் கவனியுங்கள். வெளிநாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் குடியிருப்புக்குள் இரவு தங்க முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும்.

இது யாருக்குச் சரி? வயதானவர்கள், கைக்குழந்தை உள்ளவர்கள், முதல்முறை போகிறவர்கள். இமயமலைக்குப் போகப் போகிறவர்களும் முதலில் இங்கே ஒரு முறை வந்துவிட வேண்டும் என்பது என் பிடிவாதம். பத்மசம்பவர் யார், குரு ரின்போச்சே என்று ஏன் அழைக்கிறார்கள், கையில் என்ன வைத்திருக்கிறார் என்று பைலகுப்பேயில் பார்த்துத் தெரிந்துகொண்டவருக்குத்தான் தக்சங் குகை ஒரு குகையாகத் தெரியும். மற்றவருக்கு அது படிக்கட்டு மட்டுமே.

## தக்சங், பூட்டான்

போனில் எல்லோரும் காட்டும் படம் இதுதான். தக்சங் என்றால் புலியின் குகை. எட்டாம் நூற்றாண்டில் பத்மசம்பவர் பெண்புலி மீதேறிப் பறந்து வந்து இங்கே தவம் இருந்தார் என்பது நம்பிக்கை. 1692இல் டென்சின் ரப்கியே என்ற ஆட்சியாளர் குகையைச் சுற்றி மடாலயம் கட்டினார். 1998இல் தீ விபத்தில் பெரும்பகுதி எரிந்தது. இப்போது நாம் பார்ப்பது 2005இல் திருப்பணி முடிந்த கட்டடம். நம் ஊரில் கும்பாபிஷேகம் முடிந்த பழைய கோயிலை யாரும் புதுக் கோயில் என்று சொல்வதில்லை. அதே கணக்குதான்.

ஏற்றம் போக இரண்டு முதல் மூன்று மணி நேரம். பாதி வழியில் ஒரு டீக்கடை உணவகம் உண்டு, அதுவரை குதிரையும் கிடைக்கும். ஆனால் இறங்கும்போது குதிரை கிடையாது, முழங்காலைப் பதம் பார்ப்பது இறக்கம்தான். அப்புறம், யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஒன்று. படம் எடுக்கிற இடத்துக்கு வந்ததும் மடாலயம் எதிரே கைக்கெட்டும் தூரத்தில் தெரியும். வந்துவிட்டோம் என்று நினைப்போம். நடுவில் ஒரு பள்ளம் இருக்கிறது. நூற்றுக்கணக்கான படிகள் இறங்கி, அருவியோரப் பாலத்தைத் தாண்டி, மறுபடி ஏற வேண்டும். எங்களோடு வந்த மாமா அந்த இடத்தில் உட்கார்ந்து, "இங்கிருந்தே கும்பிட்டுக்கறேன், நீங்க போய்ட்டு வாங்க" என்று சொல்லிவிட்டார். தப்பில்லை. அந்த இடத்திலிருந்து பார்ப்பதுதான் அழகும்கூட.

உள்ளே போகும்முன் போன், கேமரா, பை எல்லாம் வாசலில் வைத்துவிட வேண்டும். எனக்கு மிகவும் பிடித்தது இந்த விதிதான். முழுக்கைச் சட்டை, முழுநீளக் கால்சட்டை அல்லது சேலை, சுடிதார். மதியம் சிறிது நேரம் சாத்திவிடுவார்கள், ஆகவே காலை ஏழு, எட்டுக்குள் ஏற ஆரம்பித்துவிடுங்கள்.

செலவுக்கு வருவோம். இந்தியர்களுக்கு விசா தேவையில்லை. ஆனால் 2022இலிருந்து நிலைத்த வளர்ச்சிக் கட்டணம் என்று பெரியவர்களுக்கு இரவுக்கு 1,200 ரூபாயும், 6 முதல் 12 வயதுக்காரர்களுக்கு 600 ரூபாயும் வாங்குகிறார்கள். இரண்டு பெரியவர், அந்த வயதில் இரண்டு பிள்ளைகள், ஐந்து இரவு என்றால் 18,000 ரூபாய். அறை, சாப்பாடு, வண்டி, வழிகாட்டி, மடாலய நுழைவுச் சீட்டு எதுவும் இதில் சேராது. "தலைக்கு இவ்வளவு, எல்லாம் அடக்கம்" என்று யாராவது பேக்கேஜ் சொன்னால் இந்தக் கட்டணம் அடக்கமா என்று முதலில் கேளுங்கள்.

ஆதார் செல்லாது. பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை, 18 வயதுக்குக் கீழ் என்றால் பாஸ்போர்ட் அல்லது பிறப்புச் சான்றிதழ். எங்கள் குழுவில் 16 வயதுப் பையன் ஒருவன். ஆதார் இருக்கிறதே என்று நம்பிக் கொண்டுவந்தோம். எல்லையில் நின்றபோது பிறப்புச் சான்றிதழ் வீட்டு பீரோவில் இருந்தது. வாட்ஸப்பில் படம் வந்தது, பயனில்லை. அவனும் அவன் அப்பாவும் ஜெய்கானில் லாட்ஜ் எடுத்துத் தங்கி, டார்ஜிலிங் போய்விட்டு வந்தார்கள். முழுக்க எங்கள் தப்பு.

ரயிலில் போக நினைத்தால் சேலத்தில் கன்னியாகுமரி – திப்ருகர் விவேக் எக்ஸ்பிரஸ் ஏறி நியூ ஜல்பைகுரியில் இறங்கலாம். நாட்டிலேயே நீண்ட தூரம் ஓடும் ரயில். மிச்சமாகும் பணத்துக்கு ஈடாக உடம்பு வாடும். ஒரு வழி ரயில், ஒரு வழி விமானம் என்பது நல்ல சமரசம்.

காலில் பலம் இருக்கிறவர்கள், ஒரே ஒரு முறை பெரிதாகப் போக வேண்டும் என்பவர்கள், ஏறுவதையே வேண்டுதலாக நினைப்பவர்கள் இதைத் தேர்ந்தெடுக்கலாம். சபரிமலை, வெள்ளியங்கிரி ஏறிப் பழகியவர்களுக்கு இதன் ருசி உடனே பிடிபடும்.

## திக்சேயும் ஹெமிஸும், லே

ஓதுதல் கேட்க வேண்டும் என்பவர்களுக்கு என் முதல் பரிந்துரை திக்சே. லேயிலிருந்து 20 கிலோமீட்டருக்குள். குன்றின் சரிவில் பன்னிரண்டு அடுக்காக ஏறும் மடாலயம், உள்ளே இரண்டு மாடி உயரத்துக்கு, வருங்கால புத்தரான மைத்ரேயர் சிலை. விடியற்காலையில் துறவிகள் கூரை மேல் நின்று கொம்பு ஊதுவார்கள், பிறகு கூடத்தில் ஓதுதல் தொடங்கும். ஓரமாக உட்கார விடுவார்கள். சின்னப் பையன்கள் கெட்டிலைத் தூக்கிக்கொண்டு ஓடி ஓடி, உப்புப் போட்ட வெண்ணெய் டீ ஊற்றுவார்கள். அதோடு வறுத்த வாற்கோதுமை மாவைப் பிசைந்து உருட்டிச் சாப்பிடுகிறார்கள். பார்த்ததும் எனக்கு நம் ராகிக் களி ஞாபகம்தான் வந்தது. களி தின்றவனுக்கு அது இறங்கும், டீதான் பழக வேண்டும்.

ஹெமிஸ் இன்னும் கொஞ்சம் தள்ளி இருக்கிறது. பத்மசம்பவர் பிறந்தநாளை ஒட்டி ஜூன் அல்லது ஜூலையில் முகமூடி நடனத் திருவிழா நடக்கும். அந்த இரண்டு நாளும் லேயில் அறை விலை ஏறும், கூட்டமும் அலைமோதும்.

நம் ஊர்க்காரர்களுக்கு லேயில் ஒரு வசதி உண்டு. மா விவசாயமோ மண்டியோ வைத்திருப்பவர்களுக்கு ஏப்ரல் முதல் ஜூன் வரை நகர முடியாது. சீசன் ஓய்ந்து ஆடி பிறக்கும்போது, கல்யாணம் காட்சி எதுவும் இல்லாத நேரத்தில், பூட்டானில் மழை கொட்டிக்கொண்டிருக்கும். லேயில் அப்போதுதான் நல்ல வெயில்.

மறைந்திருக்கும் செலவு உடம்பில் இருக்கிறது. விமானத்தில் இறங்கிய முதல் இரண்டு நாள் சும்மா கிடக்க வேண்டும். இதைச் சொன்னால் "அறை வாடகை கொடுத்துட்டுத் தூங்கறதா?" என்பார்கள். என் மச்சான் முதல் நாளே கடைவீதி சுற்றினான். ராத்திரி தலைவலி, வாந்தி, ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன், மூன்றாம் நாள் முழுக்கப் படுக்கை. இரண்டு நாளை மிச்சம் பிடிக்கப் பார்த்து மூன்று நாளைத் தொலைத்தான். இதயம், நுரையீரல், ரத்த அழுத்தம் என்று ஏதாவது இருந்தால் டாக்டரிடம் கேட்காமல் டிக்கெட் போடாதீர்கள். திரும்பும் விமானம் வானிலையால் ரத்தாகலாம், ஆகவே டில்லியிலிருந்து பெங்களூர் டிக்கெட்டை அதே நாளில் போடாமல் ஒரு நாள் தள்ளிப் போடுங்கள். வெளிமாநில ப்ரீபெய்ட் சிம் அங்கே வேலை செய்யாது, குழுவில் ஒருவரிடமாவது போஸ்ட்பெய்ட் இருக்கட்டும்.

## தவாங்

இந்தியாவின் மிகப் பெரிய பௌத்த மடாலயம். 1680–81இல், ஐந்தாம் தலாய் லாமாவின் விருப்பப்படி மெரக் லாமா நிறுவியது. ஆறாம் தலாய் லாமா பிறந்ததும் இதே ஊர்ப் பக்கம்தான். 1959இல் இப்போதைய தலாய் லாமா திபெத்திலிருந்து தப்பி வந்த வழியும் இதுதான். வரலாறு படித்தவர்களுக்கு இதற்கு மேல் ஓர் இடம் கிடையாது. 1962 போரின் நினைவிடங்கள் வழி நெடுக இருப்பதால், ராணுவத்தில் இருந்தவர்கள் உள்ள குடும்பங்களுக்கும் இது வேறு மாதிரியான யாத்திரையாகிவிடும்.

இதற்கு நாம் கொடுக்கும் விலை சாலைதான். கவுகாத்தியிலிருந்து போக இரண்டு நாள், திரும்ப இரண்டு நாள். நடுவில் திராங்கிலோ பொம்டிலாவிலோ தங்க வேண்டும். 2024இல் சேலா சுரங்கப்பாதை திறந்த பிறகு பனியில் மாட்டிக்கொள்ளும் பயம் குறைந்திருக்கிறது, வளைவுகள் குறையவில்லை. காரில் வாந்தி எடுக்கிறவர்கள் ஏற்காடு ஏறும்போதே தெரிந்துவிடும், அவர்களை இங்கே கூட்டி வராதீர்கள். இந்தியர்களுக்கும் உள்நுழைவு அனுமதி வேண்டும், இணையத்திலேயே வாங்கலாம். வண்டி வாடகை பெரிய செலவு, ஐந்தாறு பேர் சேர்ந்தால்தான் கட்டுப்படியாகும். இரண்டு பேராகப் போவதானால் தக்சங்கே மலிவாக முடியலாம்.

## இடையில் ஒன்று: ரும்டெக்

இமயமலைதான் வேண்டும், ஆனால் அம்மாவுக்கு 3,000 மீட்டர் வேண்டாம் என்கிறவர்களுக்கு. காங்டாக்கிலிருந்து 24 கிலோமீட்டர், ஏற்காடு உயரம். 16ஆம் கர்மாபா (திபெத்திய பௌத்தத்தின் ஒரு பெரிய பிரிவின் தலைவர்) திபெத்தை விட்டு வந்தபின் 1966இல் கட்டி முடித்த மடாலயம். வாசலில் ஆயுதக் காவல் இருக்கும், அடையாள அட்டை பார்த்துத்தான் விடுவார்கள். கர்மாபா பட்டம் யாருக்கு என்ற தகராறின் மிச்சம் அது. மழைக்காலத்தில் சாலை சரிவதால் ஜூன் முதல் செப்டம்பர் வரை ஒதுக்கிவிடுங்கள்.

## கேட்டவர்களுக்கு நான் சொன்னது

முழங்கால் வலி அம்மா உள்ளவருக்கு, மாதேஸ்வரன் மலையில் ஒரு கும்பிடு, ஒடெயர்பாளையா, கொள்ளேகால், மைசூர், பைலகுப்பே என்று மூன்று நாள் வட்டம். அம்மாவுக்கு அது பிடித்துப்போய், பனி மலையும் பார்க்க வேண்டும் என்றால் அடுத்த வருடம் ரும்டெக். மாங்கூழ் ஆலைத் தம்பிக்கு ஆடியில் லே, அதுவும் எட்டு நாளுக்குக் குறையாமல். போனில் படம் காட்டியவருக்குத் தக்சங்தான், வேறெதைச் சொன்னாலும் அவர் மனது ஆறாது. ஆனால் ஐப்பசியில் போகச் சொன்னேன், அதற்குள் தீர்த்தமலைக்கு நான்கு முறையாவது ஏறிவிட வேண்டும் என்றும் சொன்னேன். ஆசிரியருக்குத் தவாங். அவர் இன்னும் நான்கு பேரைத் தேடிக்கொண்டிருக்கிறார், நானும் பெயர் கொடுத்திருக்கிறேன்.

எங்கே போனாலும் மந்திரம் பொறித்த மணிச்சக்கரத்தை வலப்பக்கமாகச் சுற்றுங்கள், ஸ்தூபியை வலம் வாருங்கள். நம் கோயிலில் செய்வதேதான், யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பையில் புளிக்காய்ச்சல் ஒரு பாட்டில் இருக்கட்டும். சைவம் கேட்டால் கிடைக்கும், ஆனால் நான்காம் நாள் எல்லோரும் சோற்றைத் தேடுவார்கள். அந்த பாட்டில் மூடியை மட்டும் கிளம்பும்முன் இரண்டு முறை சரிபாருங்கள். உயரம் ஏற ஏறக் காற்றழுத்தம் குறையும், மூடி சரியில்லை என்றால் எண்ணெய் கசிந்து துணியெல்லாம் மணக்கும்.